ஆயுத பூஜை லீவில் ஏலத்தோட்டம், திரும்பும் வழியில் மறையூர்

மாமனார் வீட்டு ஏலக்காய்த் தோட்டம் கேரளாவில் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மாமாவும் அத்தையும் போடியில், நாங்கள் பிள்ளைகளோடு கோவையில். ஆவணி வாக்கில் சூடு பிடிக்கும் காய் எடுப்பு புரட்டாசி, ஐப்பசியில் உச்சத்துக்கு வந்துவிடும். எங்கள் மலைப்பயணமும் அப்போதுதான். வேலை நெருக்குகிற நேரத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எதற்கு என்று உறவில் கேட்பார்கள். மே மாதம் போனால் தோட்டத்தில் பார்க்கவும் பேசவும் ஆளே இருக்காது. இப்போது போனால் மலையே வேலையில் இருக்கிறது. அதைப் பார்த்து வளரட்டும் என்றுதான் கூட்டிப் போகிறோம்.

2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் மறுபடி வந்தது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய வசதி. சென்னையில் இருக்கும் நாத்தனாரும் இப்போது நேராகப் போடியில் வந்து இறங்கிவிடுகிறார். விடிவதற்கு முன்பே மலையடிவாரத்து முந்தலுக்குப் போய்விட்டால் ரோடு முழுக்க ஜீப்புதான். போடி, சில்லமரத்துப்பட்டி, சுற்றுப்பட்டி ஊர்ப் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து தினமும் இந்த மலையை ஏறி இறங்குகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மஞ்சு இறங்கியிருக்கும். போடிமெட்டில் டீ குடிக்க இறங்கினால் பல் தந்தியடிக்கும்.

இந்தத் தடவை என் மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனது, எங்கள் தோட்டத்தில் வெகு காலமாகக் காய் எடுக்கும் ஒரு பாட்டி. ஏலச்செடி ஆளை விட உயரமாக நிற்கும், ஆனால் காய் பிடிப்பது அடித்தூரிலிருந்து தரையோரம் ஓடும் சரத்தில். குனிந்தோ குத்த வைத்தோதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, முற்றின காய் மூன்றும் இருக்கும். முற்றினதை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்கு மறுபடி வர வேண்டும். மகள் கைக்கு வந்ததையெல்லாம் பறிக்கப் போக, பாட்டி ஒரு காயைப் பிளந்து காட்டினார்.

"பாரு பாப்பா, வெதை வெள்ளையா இருக்கா? இது இன்னும் தாய்ப்பால் குடிக்கிற புள்ள. வெதை கறுத்தாத்தான் காசு."

அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு காயையும் அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தாள். மழை தூறியபோது பாட்டி மழைக்குப் போட்டிருந்த தன் பிளாஸ்டிக் கொங்காணியைக் கழற்றி அவள் தலையில் போட்டுவிட்டு நனைந்துகொண்டே எடுத்தார். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும் அவர்தான் தடவினார். சாயங்காலம் அவரை ஜீப்பில் ஏற்றிவிடும்போது மகள் கையை விடவில்லை. நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

ராத்திரி வேலை, காய் உலர்த்தும் ஸ்டோரில். கழுவின பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, ஐம்பது டிகிரியை ஒட்டி வைத்து, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டும். ஐந்து கிலோ போட்டால் ஒரு கிலோ கிடைக்கும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை மங்கும், மங்கினால் விலை போச்சு. மாமா தூங்குவதே இல்லை. ஆயுத பூஜையும் அங்கேயேதான்: டிரையர், மருந்தடிக்கும் மோட்டார், தராசு, கவாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி கடலையோடு ஏலக்காய் வாசமும் சேர்ந்து வரும் பூஜையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

காய் அப்புறம் போடி, புத்தடி மின் ஏலத்துக்குப் போகும். 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனதை மாமா இன்றும் சொல்வார். முந்தைய வருஷப் பெருமழையில் செடி அழுகி, விற்கக் காய் இல்லாதவர்களுக்கு அந்த விலையால் என்ன பிரயோஜனம் என்றும் சேர்த்தே சொல்வார்.

மூட்டைகளை மாமா போடிக்கு இறக்கியதும் நாங்கள் மேலே கிளம்பினோம். ஆனையிறங்கல் அணையோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. எதிர்க்கரைப் புல்லில் குட்டியோடு யானைக்கூட்டம். யாரோ ஹாரன் அடிக்க, வனத்துறைக் காவலர் ஒருவர் ஓடிவந்து தடுத்தார். அவரே பிள்ளைகளிடம் வந்து மெதுவான குரலில் எது தாய், எது பெரியம்மா என்று காட்டினார். அரிசிக்கொம்பன் என்ற ஆனை சுற்றிய இடம் இதுதான். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டு அதைப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள், மே மாதம் கம்பம் ஊருக்குள் வந்தது, ஜூனில் களக்காடு முண்டந்துறைக்குப் போனது. யானைக்குப் பயந்து வாழ்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர், அவர்கள் பயம் நியாயமானது. ஆனாலும் அந்த ஆனையை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

மூணாற்றில் அதிகம் நிற்கவில்லை. மறையூர் வந்ததும் மழை நின்று வெயில். மழை மறைவுப் பகுதி, இந்தப்பக்கம் கரும்பு விளைகிறது. ரோட்டோரம் ஒரு வெல்ல ஆலையில் குடும்பமே நின்று பாகு கிண்டிக்கொண்டிருந்தது. சூடு ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது, ஆனாலும் அந்தப் பெயரில் வெளியூர் வெல்லத்தை விற்கிறார்கள் என்று அந்த அண்ணன் குமுறினார். ஏலக்காய்க்காரர்களுக்கும் இதே குறைதான், சாயமேற்றின காயோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. பேசிப் பேசி, நாங்கள் வைத்திருந்த காயில் ஒரு பங்கு கொடுத்து வெல்லம் வாங்கிக்கொண்டோம். தீபாவளிக்கும் ஏலக்காய் வேண்டும் என்று அவர் எங்கள் போன் நம்பர் வாங்கியிருக்கிறார். இருட்டுவதற்குள் சின்னார் காட்டைத் தாண்டி உடுமலை வந்துவிட்டோம்.

வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த நேரத்தில் பிள்ளைகளோடு எந்த வழியாகத் திரும்புகிறீர்கள்? கம்பம்மெட்டு வழியா, குமுளி வழியா? பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர்கள் யாராவது வழியில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.