டிஸ்க் கோல்ஃபில் (தட்டை எறிந்து கூடையில் போடும் விளையாட்டு) நேராகப் போகும் மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தூர) டிஸ்க் எது?

கேள்வி: வலக்கை பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுறது) 60 மீட்டர் எறியுறேன். கடைசியில் டிஸ்க் இடப்பக்கம் சரியுது. நேரா போக எதை எடுக்கலாம்?

பதில் 1: இன்னோவா நிறுவனத்தோட மாகோ3. வேகம் 5, கிளைடு (மிதக்கும் திறன்) 5, டர்ன் (வேகமா போகும்போது வலப்பக்கம் திரும்புறது, மைனஸ் எண்ணில் சொல்வாங்க) 0, ஃபேட் (கடைசியில் இடப்பக்கம் சரியுறது) 0. சாய்த்து விட்டால் சாய்ந்தேதான் போகும், தானா நிமிராது. பலமான எதிர்க்காற்றில் வேண்டாம், வலப்பக்கம் புரண்டுடும்.

பதில் 2: டிஸ்க்கை மாற்றுறதுக்கு முன்னாடி அதன் மூக்கைக் கவனிங்க. முன்விளிம்பு மேலே தூக்கியிருந்தா எந்த டிஸ்க்கும் சீக்கிரம் வேகம் இழந்து இடப்பக்கம்தான் விழும். கட்டைவிரலை மேல்தட்டில் நல்லா அழுத்தி, மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிங்க. பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

பதில் 3: டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தோட பஸ் (Buzzz) டிஸ்க்கும் நல்லதுதான், டர்ன் -1, ஃபேட் 1. ஆனா மெதுவா எறிந்தா அந்த டர்ன் வராது, ஃபேட் மட்டும் மிஞ்சும். உங்க தூரத்துக்கு மாகோ3தான் சரி.