அளவு மாதிரிகள் போட்டிக்கு நடுவர் விதிகள்: உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். வேலூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து அளவு மாதிரிகளுக்கு (விமானம், கட்டடம் போன்றவற்றை அளவு குறைத்துச் செய்பவை) ஒரு சிறிய போட்டி ஒன்றை நடத்த இருக்கிறோம். இடமும் மேசைகளும் தயார். சண்டையெல்லாம் தீர்ப்பு முறையில்தான்.

ஒரு பிரிவின் மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல் மூன்று இடங்களைத் தருவது ஒரு வழி. அமெரிக்காவின் பிளாஸ்டிக் மாதிரி செய்வோர் சங்கமான ஐ.பி.எம்.எஸ். நெடுங்காலம் பின்பற்றியது இதைத்தான். ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே ஒரு தர அளவுகோலில் வைத்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் தருவது மற்றொன்று; தகுதி இருந்தால் பத்துப் பேருக்கும் தங்கம். எனக்குப் பிடித்தது இதுவே. கோப்பைக்குப் பணம் தருபவரோ, "முதல் பரிசு யாருக்கு என்று சொல்லாமல் என்ன போட்டி?" என்கிறார். பணம் அவருடையதாயிற்றே!

பெரிய சிக்கல் வேறு. 1/72 அளவில் (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) பாகங்களை ஒட்டிச் செய்யும் விமானக் கிட் என்றால் இணைப்புக் கோடு தெரிகிறதா, இறக்கைகள் சமமாக இருக்கின்றனவா, டீக்காலின் (மாதிரி மேல் ஒட்டும் சின்னப் படலம்) அடியில் காற்று சிக்கி மின்னுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். அட்டையிலும் தெர்மாகோலிலும் அகழியோடு வேலூர்க் கோட்டையையே கட்டிக் கொண்டுவரும் பையனை எதை வைத்து மதிப்பிடுவது? இருவரையும் ஒரே பிரிவில் நிறுத்துவது அநியாயம் என்பது என் கருத்து. தனிப் பிரிவு வைக்க ஆள் போதாது என்கிறார்கள் மற்றவர்கள். போதாக்குறைக்கு, நடுவர்களில் ஒருவரின் மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். அந்த மாதிரிகளுக்கு மட்டும் அவர் விலகினால் போதுமா?

போட்டி நடத்திய அனுபவம் உள்ளவர்கள் தங்கள் மதிப்பெண் தாளை இங்கே பகிர முடியுமா? சென்னை, பெங்களூரு பக்கமிருந்து நடுவராக வர யாராவது சம்மதித்தால், காட்பாடி வரை ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு.