பித்தளைத் தகட்டில் மீன்கால் ராஜா: எங்கே மாட்டுவது?

வாசுகி, சாட்ஸ்வர்த்:
எல்லோருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டில் நைஜீரியாவின் பெனின் சிட்டிக்காரர்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு அந்த அக்கா ஒரு பித்தளைத் தகடு கொடுத்தார். நடுவில் ஒரு ராஜா. கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மீன்கள் பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து மேலேறுகின்றன, மீசைகூட இருக்கிறது. கைக்கு ஒரு சிறுத்தையை வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். மாமியார் "மச்சாவதாரம்தான், சாமி அறையில் வை" என்கிறார். பையனோ செருப்பு அலமாரிக்கு மேலே ஆணி அடித்துவிட்டான். யாராவது விவரம் சொல்லுங்களேன்.

கதிரேசன், ஃபீனிக்ஸ்:
வாசுகிம்மா, முதலில் அந்த ஆணியைப் பிடுங்கச் சொல்லு. அது பெனின் சிட்டியின் எடோ மக்களுடைய அரசர், அவரை ஓபா என்பார்கள். மீன் கெளுத்தி வகை. தண்ணீரிலும் இருக்கும், குளம் வற்றினால் சேற்றிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஓபாவும் அப்படித்தான், மனித உலகத்துக்கும் கடல் தெய்வம் ஒலோகுனின் உலகத்துக்கும் பொதுவானவர் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓஹென் என்ற ஓபாவுக்குக் கால் விளங்காமல் போயிற்றாம். சபை கூடும் முன்பே அவரைத் தூக்கிவந்து உட்கார வைப்பார்கள், எல்லோரும் போன பிறகுதான் தூக்கிப் போவார்கள். அவர் கால்களை ஒலோகுனின் மீன்களாகக் காட்டுவது அந்தக் கதையை ஒட்டித்தான் என்பார்கள். எனக்கு இதில் பிடித்தது, ஊனத்தை மறைத்த கதையே கடைசியில் தெய்வ அடையாளம் ஆகிவிட்டது.

சிறுத்தை காட்டுக்கு ராஜா, ஓபா ஊருக்கு ராஜா. அரண்மனையில் சிறுத்தைகளைப் பழக்கி வளர்த்திருக்கிறார்கள். அதை வாலைப் பிடித்துத் தூக்குகிறார் என்றால் மற்றதெல்லாம் எம்மாத்திரம் என்று அர்த்தம். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலு மன்னர் சிறுத்தைத்தோல் உடுத்துவதைப் பார்க்கிறோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சை ஆரம்பிக்க நல்ல சாக்கு.

பவானி, டோங்காட்:
பெனின் பித்தளை வேலையில் வரும் பறவையைக் கதிரேசன் அண்ணா விட்டுவிட்டாரே! 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எசிகியே என்ற ஓபா இடா நாட்டோடு போருக்குக் கிளம்புகிறார். ஒரு பறவை கத்துகிறது, தோற்றுப் போவாய் என்று. கூட இருந்தவர்கள் திரும்பிவிடலாம் என்கிறார்கள். இவர் பறவையைக் கொல்லச் சொல்லிவிட்டுப் போய் ஜெயித்து வருகிறார். பிறகு அந்தப் பறவையையே பித்தளையில் வார்த்து ஒரு கோலின் உச்சியில் வைத்தார்கள். விழாவில் பிரபுக்கள் அதன் அலகைத் தட்டி ஒலி எழுப்புவார்கள். பல்லி விழுந்தால் பலன் பார்க்கிற என் அத்தையிடம் சொன்னேன், "அந்த ராஜாவுக்கு நேரம் நல்லா இருந்திருக்கு" என்று முடித்துவிட்டார்.

சேவலும் உண்டு. நமக்குச் சேவல் என்றதும் முருகன் கொடி, அங்கே அது ராஜமாதாவின் பலிபீடத்தில் வைக்கிற பொருள். 1897-இல் பிரிட்டிஷ் படை அரண்மனையைச் சூறையாடியபோது போன பித்தளைச் சேவல் ஒன்றைக் கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி 2021-இல்தான் திருப்பிக் கொடுத்தது.

வாசுகி, சாட்ஸ்வர்த்:
ஐயோ, அப்போ என் தகடு அந்தக் கொள்ளைப் பொருளா?

கதிரேசன், ஃபீனிக்ஸ்:
பயப்படாதே. பெனின் சிட்டியில் இகுன் தெருவில் வார்ப்புக்காரர்கள் இன்றைக்கும் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்துவிட்டுப் பித்தளை ஊற்றுகிறார்கள். சுவாமிமலையிலும் இதே முறைதான். முன்பு ஓபாவுக்காக மட்டும் செய்தது, இப்போது விற்பனைக்கும் செய்கிறார்கள். சாமி அறை வேண்டாம், அது சாமி படமில்லை, ராஜா படம். கூடத்தில் கண் மட்டத்தில் மாட்டு. அப்புறம், வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கும் கையோடு இதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதே. இடுக்கில் இருக்கும் கருப்பு போய்விட்டால் மீன் மீசையே தெரியாது. காய்ந்த துணி போதும்.