மணியடிக்கப் பத்து நிமிசம் இருக்க நிப்பாட்டாத விஞ்ஞான வகுப்பு வகுப்பே இல்லை

ஆறாம்பாடவேளை (இரவு 8:12)
முகநூலில ஒராள் எழுதியிருக்கிறார்: "விஞ்ஞான வகுப்பில வரிசை, தட்டு, பொறுப்பு, கழுவல் எண்டு சட்டம் போடுறது பயந்த வாத்திமாற்ற வேலை. ஏழாம் ஆண்டுப் பிள்ளையைச் சாமானோட விட்டா தானாப் பழகும்." கீழ நாலைஞ்சு பேர் கைதட்டல் வேற. சூடான கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பார்வைக்கு ஒண்டுதான். அதைப் பிள்ளை "தானாப் பழகுறது" விரல் கொப்பளிச்சுத்தான்.

கணக்கைக் கேளுங்கோ. பாடவேளை 40 நிமிசம். உள்ள வந்து இருக்க 3. ரீச்சர் செய்து காட்ட 5. பிள்ளையள் செய்ய 22. கடைசி 10 நிமிசம் நிப்பாட்டி, எண்ணி, கழுவி, துடைக்க. வேற எதில வேணுமெண்டாலும் கை வையுங்கோ, அந்தப் பத்து நிமிசத்தில வைக்காதேங்கோ.

புத்தகப்பை வெளியில. மேசையில கொப்பியும் பென்சிலும் மட்டும். ரெட்டைப் பின்னல் பின்னுக்குக் கட்டி, ரை சட்டைக்குள்ள. 40 பிள்ளையெண்டா எட்டுக் குழு, குழுவுக்கு ஐஞ்சு பேர்: ஒராள் தட்டு எடுக்க, ஒராள் லாம்புக்குப் பொறுப்பு, ஒராள் நேரம் பார்க்க, ஒராள் எழுத, ஒராள் எண்ணித் திருப்பிக் குடுக்க. தட்டில என்ன எத்தினை எண்டு மட்டை ஒட்டியிருக்கவேணும். உடைஞ்ச கண்ணாடிக்குப் புறம்பா ஒரு தகரப் பேணி. கையால ஒருத்தரும் பொறுக்கிறேல்லை.

நீலப்பாசிச்சாயம் (இரவு 8:31)
40 இல 10. நாலிலொரு பங்கு பாத்திரம் கழுவ. இது விஞ்ஞான வகுப்போ, கலியாணவீட்டுக் கோடியோ?

இலையில மாப்பொருள் இருக்கோ எண்டு பார்க்கிற பரிசோதனையை உங்கட 22 நிமிசத்துக்குள்ள போட்டுப் பாருங்கோ. ஸ்பிரிட் லாம்பில 150 மில்லிலீற்றர் தண்ணி கொதிக்க ஏழெட்டு நிமிசம். இலையைக் கொதிநீரில போட ஒரு நிமிசம். எதனோலுக்குள்ள பச்சை கழர ஐஞ்சாறு நிமிசம், தடிச்ச இலையெண்டா பத்தும் எடுக்கும். திரும்பச் சுடுதண்ணியில தோய்ச்சு, வெள்ளை ஓட்டில விரிச்சு, அயடீன் விட்டுப் பார்க்க மூண்டு நிமிசம். எங்க மிச்சம்? நிறம் மாறுற நேரத்தில நீங்கள் "நிப்பாட்டு, கழுவு" எண்டு கத்துவியள். பிள்ளை கருநீலத்தைப் பார்க்காமல் முகவையின்ர (பீக்கரின்ர) அடியைப் பார்க்கும்.

கழுவ நாலு நிமிசம் காணும்.

ஆறாம்பாடவேளை (இரவு 8:44)
நாலு நிமிசத்தில என்ன கழுவுவியள்? யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில கழுவிப் பார்த்திருக்கிறியளோ? நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணி கடினநீர். ஒருக்கா அலசிக் கவிட்டால் காயக் காய வெள்ளைப் படலம். அப்பிடிப் படலம் பிடிச்ச சோதனைக் குழாயில அடுத்த வகுப்பு வந்து செவ்வரத்தம்பூச் சாறு விட்டா, அமிலமும் இல்லை, காரமும் போடேல்லை, சாறு பச்சைப் பக்கம் சாயும். பிறகு "ரீச்சர், எங்கட தண்ணி காரமோ?" எண்டு கேள்வி. ஆகவே முதல் அலசல் கிணத்துத் தண்ணியில, கடைசி அலசல் பிடிச்சு வைச்ச மழைத்தண்ணியில. படலம் ஏறின குழாய்க்கு வினாகிரி ஊத்திப் பிறஸ்ஸால தேய்க்கவேணும்.

தண்ணி கொதிக்க எட்டு நிமிசம் எண்டு அழுறியள். பிளாஸ்கில சுடுதண்ணி கொண்டாறதுக்கு என்ன நோவு? பாடவேளை துடங்க முதலே ஊத்தி வைச்சா அந்த எட்டும் மிச்சம். அதுக்காகப் பத்து நிமிசத்தில கை வைக்கத் தேவையில்லை.

மானிப்பாய்க் குருவி (இரவு 8:52)
ஒரு சின்னச் சந்தேகம் அண்ணை. அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள பிள்ளையள் அவதானம் எழுதுறதும் சேருமோ, இல்லாட்டிக் கழுவுறது மட்டுமோ? அதைச் சொன்னா அரைவாசிச் சண்டை முடிஞ்சிடும்.

நீலப்பாசிச்சாயம் (இரவு 8:58)
பிளாஸ்க் தண்ணியோ! எதனோல் கொதிக்கிறது 78 பாகை செல்சியசில. பிளாஸ்கில 90 இல இருக்கிற தண்ணியைக் குளிர்ந்த முகவைக்குள்ள ஊத்தினா உடனயே இறங்கும். அதுக்குள்ள எதனோல் குழாயை வைச்சா இன்னும் இறங்கும். 75 க்கு வந்தா எதனோல் அசையாது, பச்சை அரைகுறையாக் கழரும், அயடீன் விட்டாப் பிள்ளை கறுப்பையும் பச்சையையும் பிரிக்கத் தெரியாமல் முழிக்கும். அடுப்பை அணைச்ச பிறகுதான் எதனோல் மேசைக்கு வரவேணும் எண்டது எனக்கும் தெரியும், அதால திரும்பச் சூடாக்கவும் ஏலாது. நாலு நிமிசம் கழுவு, மிச்ச ஆறை இலைக்குக் குடு. இதில விளங்காதது என்ன?

ஆறாம்பாடவேளை (இரவு 9:10)
கொதிச்சால்தான் கழரும் எண்டு ஆர் சொன்னது? 75 இலயும் பச்சையம் கரையும், ஆறுதலாக் கரையும், அவ்வளவுதான். முகவையை முதல் ஒருக்காச் சுடுதண்ணி விட்டு ஊத்திப்போட்டுப் பிறகு நிரப்பினாச் சூடு அவ்வளவு இறங்காது. எதனோல் குழாயில மூண்டிலொரு பங்குக்கு மேல விடவேண்டாம். இலையைச் சுருட்டித் திணிக்காதேங்கோ. இலை எடுக்கிறதிலயும் கவனம் வேணும். செவ்வரத்தையின்ர இளம் முத்தல் இலை, காலமை வெயில் பட்டது. இருட்டில வைச்ச இலையோட ஒப்பிடுறதெண்டா செடியை ஒரு நாள், ரெண்டு நாள் அலுமாரிக்குள்ள வைக்கவேணும், காலமை வந்து கறுத்தக் கடதாசி சுத்தினாக் காணாது. வெங்காயத்தாளில செய்து "பரிசோதனை பிழைச்சுப்போச்சு" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். வெங்காயம் இலையில மாப்பொருளைச் சேர்க்கிறேல்லை, சீனியாத்தான் வைக்கும். கருநீலம் எங்கயிருந்து வரும்?

நேரம் போறது இலையால இல்லை, ஆயத்தம் இல்லாததால. பத்து நிமிசம் பத்து நிமிசம்தான்.

பழஞ்சுவடி (இரவு 9:21)
அன்பர்களே, ஒரு வரலாற்று நினைவூட்டல். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற மிஷனரி உயர்கல்விக்கூடம் தொடங்கிய மண் இது. 1847 இல் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். அத்தகைய ஊரில், இலையைக் கழுவுவதா முகவையைக் கழுவுவதா என்று சச்சரவு செய்வது நமக்கு அழகா?

நீலப்பாசிச்சாயம் (இரவு 9:24)
கிறீன் ஐயா எத்தினை நிமிசம் கழுவினவர் எண்டு சுவடியில இருக்கோ, சேர்?

பழஞ்சுவடி (இரவு 9:33)
கிண்டல் வேண்டாம். ஒழுங்குமுறை என்றால் என்ன என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்ல வந்தேன். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் 2007 முதல் வந்த ஐந்து படிமுறைகளில், ஈடுபடுதல், ஆராய்தல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல் என்றுதான் இருக்கிறது. கழுவுதல் என்று ஆறாவது படி எங்கும் இல்லை.

ஆறாம்பாடவேளை (இரவு 9:41)
வழிகாட்டியில "கதவைத் திற" எண்டும் இல்லை சேர். பூட்டின கதவுக்கு முன்னால நிண்டுகொண்டே ஆராயப் போறியளோ?

லாம்பை எடுங்கோ. ஸ்பிரிட் மூண்டில ரெண்டு பங்குக்கு மேல விடுறேல்லை. திரி அரைச் சென்ரிமீற்றர் வெளியில. எரியிற லாம்பால மற்ற லாம்பைப் பத்த வைக்கிறேல்லை, சரிஞ்சா ஸ்பிரிட் ஊத்தும். பத்த வைக்க முதல் ஃபானை நிப்பாட்டவேணும், இல்லாட்டிச் சுவாலை ஆடித் தண்ணி கொதிக்க இன்னும் ஐஞ்சு நிமிசம். யன்னலோர மேசையில வெயிலுக்குச் சுவாலை கண்ணுக்கே தெரியாது, பிள்ளை அணைஞ்சுபோச்சு எண்டு கை நீட்டும். ஊதி அணைக்கக் கூடாது, மூடியால மூடவேணும். மூடிப்போட்டு ஒருக்காத் தூக்கித் திரும்ப மூடவேணும், இல்லாட்டி ஆறேக்க மூடி இறுகிப்போகும், அடுத்த வகுப்பு அதைக் கழட்டி உடைக்கும். எட்டு லாம்புக்கு இதை ஒவ்வொண்டாப் பார்க்கவேணும். எதனோல் பரிசோதனையில மட்டும் லாம்பு நடுவிலயே அணையும், மற்றதெல்லாத்திலயும் கடைசியிலதான். உந்த வேலையெல்லாம் நாலு நிமிசத்துக்குள்ளயோ?

கள்ளிப்பெட்டி (இரவு 9:50)
சாதாரண தரத்தில செய்முறைப் பரீட்சையே இல்லை. முதலாம் பத்திரத்தில 40 பல்தேர்வு, ரெண்டாம் பத்திரத்தில எழுத்து. "அயடீன் விட்டா என்ன நிறம்" எண்டதை ரியூசன்ல ஒரு வரியில சொல்லிக் குடுக்கினம். நீங்கள் மூடியைத் தூக்கி மூடுறது பற்றிச் சண்டை பிடிக்கிறியள். நல்லா இருங்கோ.

நீலப்பாசிச்சாயம் (இரவு 9:57)
ரியூசன்ல நிறம் சொல்லுவினம். ஏன் இலையை முதல் கொதிக்க வைக்கிறது எண்டு கேட்டுப் பாருங்கோ, மௌனம். கலத்தின்ர மென்சவ்வு உடையவேணும், அப்பதான் அயடீன் உள்ள போகும், அதோட நொதியங்களும் செயலிழக்கும். எதனோலில இருந்து எடுத்த இலை நொறுங்கும், அதுக்குத்தான் திரும்பச் சுடுதண்ணி. உதை விளங்கிற பிள்ளைக்குத்தான் அந்த ஆறு நிமிசம் வேணும் எண்டுறன். கழுவுறதை இடைவேளைக்கு ரெண்டு பிள்ளையளை விட்டுச் செய்விக்கலாம்.

மானிப்பாய்க் குருவி (இரவு 10:03)
இடைவேளைக்குப் பிள்ளையளைக் கழுவ விட்டா அடுத்த நாள் தாய் தகப்பன் அதிபற்ற கந்தோரில நிப்பினம் தம்பி. அதோட எதனோலும் அயடீனும் இருக்கிற அறையில மேற்பார்வை இல்லாமல் ரெண்டு பிள்ளையள் நிக்கவும் கூடாது. ஆய்வுகூட உதவியாளர் இருக்கிற இடமெண்டா வேற கதை.

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. எழுதுறதும் அந்தப் பத்துக்குள்ளயோ?

ஆறாம்பாடவேளை (இரவு 10:11)
பார்த்தியளோ, இடைவேளையில கழுவட்டாம். அந்தப் பச்சை எதனோலை என்ன செய்யிறது? தொட்டிக்குள்ள ஊத்தப் போறியளோ, பக்கத்து மேசையில ஆவி பரவ? மூடி உள்ள போத்தலில சேர்த்து, பெயர் எழுதி வைக்கவேணும். (அதை இருட்டில ரோச் அடிச்சுப் பார்த்தாச் சிவப்பாத் தெரியும், அது தனிப் பாடம், நேரமிருந்தாச் செய்யுங்கோ.) ஓட்டில பிடிச்ச அயடீன் கறை விற்றமின் சீ குளிசை கரைச்ச தண்ணிக்கு மறையும். பேர்மங்கனேற்றுக் கபிலக் கறைக்குத் தேசிக்காய்ப் புளி. இதெல்லாம் உடனயே செய்தா அரை நிமிசம், காய விட்டா அரை நாள்.

அதோட நீலப்பாசிச்சாயம் யாரெண்டு எல்லாருக்கும் தெரியும். போன மாச உரையாடல் திரியில, தட்டுக்குள்ள தண்ணி விட்டு மெழுகுதிரியைக் கண்ணாடிக் குவளையால மூடினா ஒட்சிசன் முடிஞ்சு ஐந்திலொரு பங்குக்குத் தண்ணி ஏறும் எண்டு எழுதினவர்தானே. இவர் எங்களுக்கு நேரக்கணக்குப் படிப்பிக்கிறார்.

நீலப்பாசிச்சாயம் (இரவு 10:19)
"பிள்ளையள் அப்பிடி விளங்கிக்கொள்ளுகினம்" எண்டுதான் எழுதினது. முழுசா வாசிக்கத் தெரியாட்டி நான் என்ன செய்யிறது. இலைக்குப் பதில் இல்லாததால இப்ப மெழுகுதிரிக்குத் தாவுறியள்.

பழஞ்சுவடி (இரவு 10:25)
ஐந்திலொரு பங்கு என்பது தவறில்லையே? வளியில் ஒட்சிசன் 21 சதவீதம். ஐந்திலொன்று. பல தலைமுறை ஆசிரியர்கள் அப்படித்தான் கற்பித்தார்கள்.

ஆறாம்பாடவேளை (இரவு 10:36)
சேர், அதுதான் பிழை. மெழுகுதிரி அணையேக்க ஒட்சிசன் முடியிறேல்லை, பெரும்பங்கு உள்ளயே இருக்கும். எரிஞ்ச ஒட்சிசனுக்குப் பதிலாக் காபனீரொட்சைட்டு வரும். தண்ணி ஏறுறதுக்கு முக்கிய காரணம், சூடான வளி ஆறிச் சுருங்கிறது. ஒரு மெழுகுதிரிக்குப் பதிலா மூண்டு வைச்சு மூடிப் பாருங்கோ. அதே குவளை, அதே ஒட்சிசன், தண்ணி இன்னும் உயர ஏறும். ஒட்சிசன் கணக்கெண்டா ஏன் கூட ஏறுது? மூடேக்க விளிம்பால குமிழி போறதையும், அணைஞ்ச பிறகுதான் தண்ணி விறுவிறெண்டு ஏறுறதையும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கோ. உதைப் பார்க்கிற பிள்ளைக்கு மேசை துப்புரவா இருக்கவேணும், முந்தின வகுப்பின்ர குவளை கழுவி இருக்கவேணும், அதுக்குத்தான் பத்து நிமிசம்.

கள்ளிப்பெட்டி (இரவு 10:41)
எங்க துடங்கினாலும் அந்தப் பத்து நிமிசத்திலதான் வந்து விழுறார். கெட்டிக்காரன்.

நீலப்பாசிச்சாயம் (இரவு 10:48)
மெழுகுதிரியில நீங்கள் சொல்லுறது சரியா இருந்தாலும் இலையில பிழைதான். உண்டு இல்லை எண்டு சொல்லுங்கோ: தடிச்ச இலைக்கு ஆறு நிமிசம் காணுமோ?

ஆறாம்பாடவேளை (இரவு 10:53)
தடிச்ச இலையை ஏன் எடுக்கிறியள்?

நீலப்பாசிச்சாயம் (இரவு 10:55)
பிள்ளையள் வீட்டில இருந்து கொண்டாறது பூவரசும் பலாவும். செவ்வரத்தைக்கு ஒழுங்கையில வேலி இல்லை, எல்லாரும் மதில் கட்டியாச்சு.

பழஞ்சுவடி (இரவு 11:02)
மதில் விடயத்தில் உடன்படுகிறேன். ஆனால் மெழுகுதிரி விடயத்தில் ஆறாம்பாடவேளையின் தொனி ஏற்கத்தக்கதல்ல.

மானிப்பாய்க் குருவி (இரவு 11:06)
எழுதுறது பத்துக்குள்ளயோ வெளியிலயோ?

கள்ளிப்பெட்டி (இரவு 11:09)
மெழுகுதிரிக்குப் புறம்பாத் திரி திறந்திட்டன். சண்டை பிடிக்கிற ஆக்கள் அங்க வாங்கோ.

நீலப்பாசிச்சாயம் (இரவு 11:10)
முதல் பதிவு நான்தான் போடுவன்.