கிளிநொச்சிப் பக்கம் நல்ல கராத்தே வகுப்பு இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. நாங்கள் பரந்தனில் இருக்கிறோம். மகன் தரம் 4. ரீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். படிக்க இருந்தால் பத்து நிமிடம் தாங்காது.

போன கிழமை வவுனியாவில் அக்காவின் மகள் 'ஹெயன் ஷோடான்' கட்டாவைச் (தாக்கும், தடுக்கும் அசைவுகளைத் தனியாக வரிசையாய்ச் செய்வது) செய்து காட்டினாள். ஷோட்டோகான் என்கிற கராத்தே முறையில் தொடக்கத்தில் பழக்குவது. மொத்தம் 21 அசைவுகள். சரியாகச் செய்தால் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். நடுவில் கவனம் சிதறினால் திரும்பும் பக்கம் மாறிவிடும், அப்புறம் முதலிலிருந்துதான். அவள் வயிற்றிலிருந்து கத்திய கத்தில் முற்றத்துக் கோழிகள் பறந்துவிட்டன! முன்பெல்லாம் ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை.

பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் பின்னேர வகுப்பு தெரிந்தால் சொல்லுங்கோ. போட்டிப் பதக்கத்தை மட்டும் பார்க்கிற இடம் வேண்டாம், பொறுமையாகப் பழக்குகிற மாஸ்டர் வேண்டும். சிலம்பம் என்றாலும் சரி. மாதக் காசு, உடுப்புச் செலவு எவ்வளவு வரும்?

இன்னொன்று, 38 வயதில் என்னையும் சேர்ப்பார்களா? வாசலில் காத்திருப்பதைவிட நானும் வெள்ளைப் பட்டி கட்டலாமே என்று ஒரு யோசனை.