நிறைய நடக்குற டூருக்கு எந்த மாதிரி இன்சோல் (ஷூக்குள்ள வைக்கிற மெத்தை) வாங்கலாம்? கடலூர், பாண்டி பக்கம் சொல்லுங்க

வணக்கம். அடுத்த மாசம் அம்மாவ காசிக்கு கூட்டிட்டு போறோம், அங்க படித்துறை, சந்துன்னு பூரா நடைதான், ஆட்டோ கூட உள்ள வராது, அம்மாவுக்கோ காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போதே குதிகால்ல ஊசி குத்துற மாதிரி வலி, கொஞ்சம் நடந்தா குறையும், சாயங்காலம் திரும்ப வந்துடும். நேத்து குளிச்சிட்டு ஈரக்காலோட வந்தாங்க, சிமெண்ட் தரைல பாத்தா நடுவுல வளைவே தெரியாம பாதம் முழுசா பதிஞ்சிருக்கு, தட்டைப் பாதம்தான்னு நினைக்கிறேன்.

நேரு வீதில ஒரு கடைல ஜெல் இன்சோல் காட்டுனாங்க, கட்டைவிரலால அமுக்குனா அடி வரைக்கும் போகுது. மெத்துன்னு இருந்தா மட்டும் பத்தாதுங்க, நடுப்பாதத்த தாங்கணும், குதிகால் அசையாம உக்கார்ற அளவுக்கு குழிவா இருக்கணும். ஷூக்குள்ள இருக்குற பழைய அட்டைய எடுத்துட்டுதான் போடணும், இல்லன்னா விரல் இடிக்கும், நடந்து வீங்குன காலுக்கு அது இன்னும் கஷ்டம்.

முழு நீளம் நல்லதா, இல்ல விரலுக்கு முன்னாடியே முடியுற முக்கால் சைஸா? கோயிலுக்கு கோயில் கழட்டி மாட்டணுமே, ஷூக்கு பதிலா வெல்க்ரோ வச்ச எம்சிஆர் செருப்பே (சுகர்காரங்க போடுற மெத்துன்னு இருக்குற ரப்பர் செருப்பு) போதுமா? சுகர் வேற இருக்கு, கால்ல புண்ணு வந்துட்டா ஆறாதேன்னு பயமா இருக்கு. ஜிப்மர்ல காட்டி கால் அளவுக்கு செஞ்சு வாங்குனவங்க யாராவது இருக்கீங்களா, எந்த ஓபிக்கு போகணும், எவ்ளோ நாள் ஆகும்? வீட்லயே போட்டு பழகிட்டுதான் கிளம்பணும், அதனால இந்த வாரமே வாங்கியாகணும், தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.