பழைய போனும் திறந்த மென்பொருளும்: வன்னி அனுபவங்கள்

கிளிநொச்சியில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். எங்கள் மேசைக்கு வருகிறவற்றில் பல, கனடாவிலோ பிரான்சிலோ இருக்கிற சொந்தங்கள் பாவித்துவிட்டு அனுப்பிய போன்கள். அதனால் திறந்த மென்பொருளா (அதன் மூலநிரலை, அதாவது எழுதிய நிரலை, யாரும் பார்த்து மாற்றலாம்) மூடியதா என்ற கேள்வி இங்கே ஒரே இடத்தில் வந்து நிற்கும்: கம்பனி கைவிட்ட பிறகு அந்தப் போனுக்கு என்ன கதி?

விசுவமடுவிலிருந்து ஒரு ஐயா 2012இல் வெளியான அன்ட்ரொய்ட் போன் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, வட்ஸ்அப் வேலை செய்யுதில்லை. பேரப்பிள்ளையின்ர முகம் பார்க்கேலாமல் கிடக்கு." போன் 4.3 பதிப்போடு நின்றிருந்தது. வட்ஸ்அப் அப்போது கேட்டதோ குறைந்தது அன்ட்ரொய்ட் 5.0. திரை, பற்றரி எல்லாம் நல்லாயிருந்தும் போன் செத்த கணக்குத்தான்.

நல்லகாலம், அந்த மொடலுக்கு லினியேஜ்ஓஎஸ் இருந்தது, அன்ட்ரொய்டின் திறந்த மூலநிரலிலிருந்து தன்னார்வலர்கள் செய்கிற பதிப்பு. சத்தம் குறைக்கிற பொத்தான், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு எச்சரிக்கை வரும். சத்தம் கூட்டுகிற பொத்தானைத் தட்டிக் கேபிளைக் கொழுவி, முதலில் ரிக்கவரியை (புதிய மென்பொருளை நிறுவ உதவும் சின்ன நிரல்) ஏற்றி, பழையதைத் துடைத்து, புதியதைப் போட்டோம். முதல் தடவை எழும்ப நெடுநேரம் எடுத்தது. ஐயா வாங்கை விட்டு அசையவேயில்லை. கடைசியில் அன்ட்ரொய்ட் 7.1 வந்தது. வங்கி வேலைக்கு மட்டும் இதைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன், பாதுகாப்புத் திருத்தங்கள் இதற்கும் நின்றுவிட்டன.

தயாரித்தவர்கள் தராததை முகம் தெரியாத ஆட்கள் இலவசமாக எழுதித் தந்திருக்கிறார்கள். மூலநிரல் திறந்து கிடந்ததால்தான் அது முடிந்தது. 2014இன் ஐபோன் 6 ஐஓஎஸ் 12ஓடு நின்றுவிட்டது. அப்பிள் அதற்கு நீண்ட காலம் அப்டேட் கொடுத்தது உண்மைதான். ஆனால் அவர்கள் நிறுத்தினால் நின்றதுதான், வேறு யாரும் எடுத்து நடத்த இடமில்லை.

திறந்துவிட்டால் வென்றுவிடலாம் என்றும் இல்லை. நொக்கியா போன்களில் ஓடிய சிம்பியன் இயங்குதளத்தை 2010 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்; அடுத்த வருடமே நொக்கியா விண்டோஸ் போனுக்கு மாறியது. அன்ட்ரொய்ட் பரவியது, எந்தக் கம்பனியும் உரிமக் காசு கட்டாமல் எடுத்து மலிவாகப் போன் செய்யலாம் என்பதால். ஆனால் கூகிள் பிளே அந்தத் திறந்த பகுதிக்குள் இல்லை. 2009இலேயே, லினியேஜுக்கு முன்னோடியான சயனொஜென்மொட் ரொம்மில் (போனில் ஏற்றுகிற முழு மென்பொருள் தொகுப்பு) தன் செயலிகளைச் சேர்த்துக் கொடுப்பதைக் கூகிள் நிறுத்தச் சொன்னது. 2019இல் அமெரிக்கத் தடை வந்த பிறகும் ஹுவாவேயின் கையில் மூலநிரல் இருந்தது. புதிய போன்களில் பிளே ஸ்டோர்தான் இல்லை. என்னைக் கேட்டால், அன்ட்ரொய்டின் உண்மையான பூட்டு அங்கேதான் இருக்கிறது.

*

அண்ணை, நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் முல்லைத்தீவுப் பக்கம் படிப்பிக்கிறேன். சிக்னல் ஒழுங்காக வராத இடம். ஒரு சின்ன அகராதிச் செயலியை என் போனிலிருந்து புளூடூத்தில் பிள்ளைகளின் வீட்டுப் போன்களுக்கு அனுப்பினேன். ஒரு பிள்ளையிடம் ஐபோன். அதற்கு அனுப்ப வழியில்லை. பக்கத்துப் பிள்ளையின் போனைத்தான் எட்டிப் பார்த்தாள். கூகிளும், தன்னிடம் அடையாளத்தைப் பதிந்தவர்கள் செய்த செயலிகளை மட்டுமே நிறுவ விடும் திட்டத்தை 2025 ஓகஸ்டில் அறிவித்தது; அனுபவமுள்ளவர்களுக்கு ஒரு விலக்கு வழி வைப்பதாகப் பிறகு சொன்னது. எங்கள் அகராதி மாதிரிச் சின்னச் செயலிகளை நினைத்தால் பயமாயிருக்கு.

*

தங்கச்சி, அந்த அறிவிப்பு கூகிள் சான்றிதழ் பெற்ற போன்களுக்குத்தான். லினியேஜ் போட்ட போன் அதற்குள் வராது. பள்ளிக்கூடத்தில் பழைய போன்கள் கிடந்தால் கொண்டுவாங்கோ, எந்த மொடலுக்கு ரொம் இருக்கு என்று பார்த்துச் சொல்கிறேன்.